சி டிரைவ் சிவந்துவிட்டது: எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

கொழுந்துக்கூடை (தலவாக்கலை), திங்கள் காலை 9.10

வணக்கம். பஸ் நிலையத்துக்கு மேலே சிறிய கடை ஒன்று வைத்திருக்கிறேன். போட்டோ பிரதி, தட்டச்சு, ஸ்கேன். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கணினிதான். விண்டோஸ் 10, ராம் 8 ஜிபி, 120 ஜிபி எஸ்எஸ்டி. சனிக்கிழமையிலிருந்து சி டிரைவின் கோடு சிவப்பாக நிற்கிறது. 111 ஜிபியில் 1.3 ஜிபிதான் மீதம் என்கிறது. 120 என்று சொல்லித்தானே விற்றார்கள், அந்த 9 ஜிபியை யார் தின்றார்கள் என்பது தனிக்கேள்வி.

இன்று காலை பிரவுசரில் ஒரு பெட்டி குதித்து வந்து, கணினியில் 2,347 குப்பைகள் இருக்கின்றன, உடனே சுத்தம் செய்யுங்கள் என்று மிரட்டுகிறது. அதை அழுத்தலாமா? தவணைப் பரீட்சை நேரம். மூன்று பாடசாலைகளின் வினாத்தாள்கள் இதற்குள் இருக்கின்றன. அவை போய்விட்டால் நான் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது.

ஹட்டன் மாணவன், திங்கள் காலை 9.32

அக்கா, எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு விண்டோஸை மறுபடி போட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேலை.

பனிமூட்டம் (நுவரெலியா), திங்கள் காலை 10.05

தம்பிக்கு அது ஒரு மணி நேர வேலை. கடைக்கார அக்காவுக்கு மூன்று நாள் வேலை. பிரிண்டர், ஸ்கேனர், பாமினி எழுத்துரு, விசைப்பலகை அமைப்பு எல்லாவற்றையும் யார் மறுபடி போடுவது? வாசலில் ஆள் நிற்கும்போதா?

அக்கா, முதலில் அந்தப் பெட்டி. அழுத்தாதீர்கள். ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் வட்டுக்குள் புகுந்து கோப்புகளை எண்ணவே முடியாது. அந்த 2,347 உங்களுக்கும் வரும், எனக்கும் வரும், நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கணினிக்கும் வரும். பிரவுசர் சாளரத்தை மூடிவிடுங்கள், முடிந்தது.

காணாமல் போன 9 ஜிபியை யாரும் தின்னவில்லை. வட்டைச் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 1,024 ஆக எண்ணுகிறது. அதே கொழுந்துதான், தராசுதான் வேறு. கொழுந்து நிறுக்கும் இடத்தை நன்றாகப் பார்த்த ஊர்தானே நம்முடையது.

இப்போது செய்ய வேண்டியது அழிப்பது அல்ல. வினாத்தாள்களை இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள்: ஒரு பென் டிரைவிலும் உங்கள் மின்னஞ்சலிலும். பிரதி எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். அதன்பின் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரும். இன்னும் விரிவாகப் பார்க்க விஸ்ட்ரீ அல்லது வின்டர்ஸ்டாட் போதும். வின்டர்ஸ்டாட் இலவசம், விஸ்ட்ரீ சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம். இரண்டும் எந்தக் கோப்புறை எத்தனை ஜிபி என்று பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்கிக் காட்டும். அந்தப் பட்டியலை இங்கே போடுங்கள். அதுவரை டிலீட் விசையிலிருந்து கையை எடுத்து வையுங்கள்.

ஊவாக்காரன் (பண்டாரவளை), திங்கள் காலை 11.20

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா? ஒரு ரெஜிஸ்ட்ரி கிளீனர் போட்டால் போதும். ஆறு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் 400 பிழைகளாவது பிடிக்கும். என் கணினி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பனிமூட்டம், திங்கள் நண்பகல் 12.02

அண்ணா, ஆறு வருடம் வாராவாரம் கூட்டியும் வாராவாரம் 400 விழுகிறதென்றால், துடைப்பத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் பேரேடு. அதில் ஆயிரம் பழைய வரிகள் கிடந்தாலும் அவற்றின் அளவு சில நூறு கேபிதான், அக்காவுக்கு வேண்டியது ஜிபிக் கணக்கில் இடம். தவறான ஒரு வரி போனால் பிரிண்டர் வேலை செய்யாது, சில நேரம் கணினியே எழும்பாது. இப்படிப்பட்ட கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

பெயர் பெற்ற கருவி என்பதற்காகவும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2017இல் சிசிகிளீனரின் 5.33 பதிப்புக்குள், அதைத் தயாரித்த இடத்திலேயே யாரோ தீநிரலைச் செருகிவிட்டார்கள். அதிகாரபூர்வமான தளத்திலிருந்து முறையாக இறக்கியவர்களுக்கும் அதுவே போய்ச் சேர்ந்தது. அந்தப் பதிப்பு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இருந்தது. குப்பை கூட்ட அழைத்த ஆள் சாவிக்கொத்தோடு வீட்டுக்குள் நின்ற கதை அது.

ஊவாக்காரன், திங்கள் நண்பகல் 12.15

என் துடைப்பத்தைக் குறை சொல்லாதீர்கள். 

மூன்றாம் தவணை (மஸ்கெலியா), திங்கள் இரவு 8.40

என் கதையையும் கேட்டுவிட்டு அழியுங்கள். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் டிஸ்க் கிளீன் அப் ஆபத்தில்லாதது என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். அது விண்டோஸ் 98 காலத்திலிருந்து இருக்கிறது. ஆனால் 2018 அக்டோபரில் வந்த 1809 பதிப்பில் அந்தப் பட்டியலுக்குள் டவுன்லோட்ஸ் கோப்புறையும் ஒரு வரியாக வந்து உட்கார்ந்தது. நான் வழக்கம்போல மேலிருந்து கீழே வரை எல்லாக் கட்டங்களிலும் சரி போட்டு ஓகே கொடுத்தேன். வாசிக்காதது என் தவறு. வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கிய வினாத்தாள், சக ஆசிரியர்கள் அனுப்பிய பாடக்குறிப்பு என்று இரண்டு வருடச் சேமிப்பு டவுன்லோட்ஸில்தான் கிடந்தது. ஒழுங்காக வேறு கோப்புறைக்கு மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு விடுமுறையிலும் நினைப்பேன்.

அப்படி அழிந்தவை மீள்சுழற்சித் தொட்டிக்குப் போவதில்லை. நேரே போய்விட்டன.

என்னுடையது பழைய வன்தட்டு என்பதால் ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியைக் கொண்டு பாதிக்கு மேல் மீட்டோம். மீட்டதில் ஒரு வேதனை என்னவென்றால், கோப்புகளின் பெயர்கள் திரும்பி வரவில்லை. எழுத்தும் எண்ணுமாக 800க்கு மேற்பட்ட வேர்ட் கோப்புகள். தேடலாம் என்றால், அத்தனையும் பாமினியில் தட்டச்சிட்டவை. பாமினிக் கோப்பில் திரையில் தெரிவது தமிழ், அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். தவணை என்று யுனிகோடில் தேடினால் கணினிக்கு ஒன்றும் அகப்படாது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நோன்மதி விடுமுறை, சனி, ஞாயிறு எல்லாம் அதற்கே போயின.

2020இல் வந்த பதிப்பில் அந்த வரியை டிஸ்க் கிளீன் அப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். செட்டிங்ஸில் தற்காலிகக் கோப்புகள் என்ற பக்கத்தில் டவுன்லோட்ஸ் இன்னும் இருக்கிறது. அதில் சரி போடாதீர்கள். உங்களுடையது எஸ்எஸ்டி என்றால் இன்னும் கவனம்.

ஹட்டன் மாணவன், திங்கள் இரவு 8.55

எஸ்எஸ்டி என்றால் ஏன் டீச்சர்?

பனிமூட்டம், திங்கள் இரவு 9.10

நான் சொல்கிறேன். பழைய வன்தட்டில் கோப்பை அழித்தால் அதன் முகவரிதான் போகும். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும், டீச்சருக்குக் கிடைத்தது அதனால்தான். எஸ்எஸ்டியில் டிரிம் என்று ஒன்று இருக்கிறது. இந்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் சொன்னதும் வட்டு அதை உள்ளுக்குள் துடைத்துவிடும். மீட்கலாம் என்று பணம் வாங்குபவரிடம் போகுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாமினி பேச்சு வந்ததால் இன்னொன்று. போன வருடம் ஒரு கணினி பழுதுபார்க்க வந்தது, எல்லாக் கோப்புகளும் வைரஸ் தின்றுவிட்டன என்று. திறந்தால் ஆங்கில எழுத்துக் குழம்பு. வீட்டுப் பையன் ஃபான்ட்ஸ் கோப்புறையில் தனக்குத் தெரியாத பெயர்களையெல்லாம் குப்பை என்று நீக்கியிருக்கிறான், பாமினியும் அதோடு போயிருக்கிறது. எழுத்துருவை மறுபடி நிறுவியதும் எல்லாம் தமிழாகிவிட்டன. கோப்பில் ஒரு குற்றமும் இல்லை. நல்லவேளை, அதற்குள் அவர்கள் கோப்புகளை அழிக்கவில்லை.

கொழுந்துக்கூடை, செவ்வாய் காலை 8.25

வினாத்தாள்களைப் பிரதி எடுத்துத் திறந்தும் பார்த்துவிட்டேன். வின்டர்ஸ்டாட் காட்டியது இது: விண்டோஸ் 22 ஜிபி. நிரல்கள் 12. டவுன்லோட்ஸ் 17. ஹைபர்ஃபில் என்று ஒன்று 3.2. பேஜ்ஃபைல் என்று இன்னொன்று 4. டெம்ப் 4. பழைய அப்டேட் கோப்புகள் 5. அத்தோடு டாக்குமென்ட்ஸுக்குள் ஸ்கேன் என்ற கோப்புறை 38 ஜிபி! மீதி சில்லறை.

ஸ்கேன் 38 ஜிபி எப்படி வரும்? எண்ணினால் 390 பக்கம்தான். போன மாதம் அக்காள் மகன் வந்து ஸ்கேனர் தெளிவாக எடுக்கவில்லை என்று எதையோ மாற்றிவிட்டுப் போனான்.

பனிமூட்டம், செவ்வாய் காலை 9.00

ஆள் அகப்பட்டார். ஒரு கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸில் அளவையும் வகையையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை, செவ்வாய் காலை 9.06

99.5 எம்பி. வகை பிஎம்பி. அடுத்ததும் 99.5. எல்லாம் அதே.

பனிமூட்டம், செவ்வாய் காலை 9.40

கணக்கு இதோ. ஏ4 தாள் 8.27 அங்குல அகலம், 11.69 அங்குல உயரம். அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வைத்தால் அகலத்தில் 4,960, உயரத்தில் 7,016 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட் நிறம். பெருக்கினால் ஏறத்தாழ 10.4 கோடி பைட். பிஎம்பி அதைச் சுருக்காமல் அப்படியே எழுதும். உங்கள் 99.5 எம்பி அதுதான். அதே தாளை 200 புள்ளியில் எடுத்திருந்தால் சுருக்காமலே 11 எம்பிதான், ஜேபெக் ஆக்கினால் பெரும்பாலும் 1 எம்பிக்கும் கீழே இறங்கிவிடும். அடையாள அட்டைப் பிரதி மின்னஞ்சலில் அனுப்ப அது தாராளம்.

ஆக, எந்தக் கிளீனரை ஓட்டியிருந்தாலும் இந்த 38 ஜிபியைத் தொட்டிருக்காது. அதற்குத் தெரிந்த குப்பை வேறு.

மற்றவற்றைப் பார்ப்போம். டெம்ப்: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, டெம்ப் என்ற ஆங்கிலச் சொல்லை இருபுறமும் சதவீதக் குறி இட்டு அடியுங்கள். எல்லாத் திட்டங்களையும் மூடியபின் உள்ளே இருப்பதை அழிக்கலாம். சிலவற்றைப் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி விடமறுக்கும். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்டேட் கோப்புகள்: கையால் தொடக்கூடாது, டிஸ்க் கிளீன் அப்பைத் திறந்து, சிஸ்டம் கோப்புகளையும் சுத்தம் செய் என்ற பொத்தானை அழுத்தி, விண்டோஸ் அப்டேட் கிளீன் அப்பில் மட்டும் சரி போடுங்கள். நேரம் எடுக்கும். மதியத்துக்குப் பிறகு இடி இடிக்கும் காலம் இது. காலையில் செய்யுங்கள், யூபிஎஸ் இருந்தால் அதில் கணினியைப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனால் தலைவலி.

ஹைபர்ஃபில்: கணினியை உறங்கவைக்கும்போது ராமில் இருப்பதை எழுதிவைக்கும் கோப்பு. மேசைக் கணினிக்குத் தேவையில்லை. ஆனால் அதையும் கையால் அழிக்க முடியாது. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு, எச், இடைவெளி, ஆஃப் என்று ஆங்கிலத்தில் அடித்தால் தானாகவே போய்விடும். கணினி எழும்பச் சில விநாடி கூடும், அவ்வளவுதான். பேஜ்ஃபைலை விட்டுவிடுங்கள். ராம் நிறையும்போது அது கைகொடுக்கும்.

விண்டோஸ் கோப்புறைக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று பூதம்போலத் தெரியும். ஒரே கோப்பு இரண்டு இடங்களில் தெரிவதால் அதன் அளவு கூடுதலாகக் காட்டும். அதையும் இன்ஸ்டாலர் கோப்புறையையும் தொட்டால் நாளை ஒரு மென்பொருளை நீக்கவும் முடியாது, புதுப்பிக்கவும் முடியாது.

ஹட்டன் மாணவன், செவ்வாய் காலை 10.15

பிரவுசர் கேஷையும் அழிக்க வேண்டாமா? நான் தினமும் அழிக்கிறேன்.

பனிமூட்டம், செவ்வாய் காலை 10.22

தம்பி டேட்டா கார்டு போடுகிறவரா, வீட்டில் ஃபைபரா? கேஷ் என்பது ஒருமுறை இறக்கிய படத்தையும் எழுத்தையும் மறுமுறை இறக்காமலிருக்க வைத்துக்கொள்வது. தினமும் அழித்தால் தினமும் அதே பக்கத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள். பள்ளத்தில் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடும் தோட்டங்களில் அது பெரிய விஷயம். ஒரு பக்கம் கோளாறாகத் திறந்தால் அழியுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். அத்தோடு குக்கீயையும் அழித்தால் எல்லாத் தளங்களுக்கும் கடவுச்சொல் தேட வேண்டிவரும்.

பழைய கணக்கப்பிள்ளை (பதுளை), செவ்வாய் மாலை 5.30

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கணினி அவ்வளவு தெரியாது. தோட்டத்து ஆபீஸில் முதன்முதலாக ஒரு கணினி வந்தபோது அதன் பெட்டியை வருடத்துக்கு ஒருமுறை திறப்போம். தேயிலைத் தூளும் பஞ்சுமாக ஒரு கைப்பிடி வரும். எங்களுக்கு அதுதான் குப்பை.

மகளே, அந்த 390 பக்கங்களில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா? உன் கடைக்கு வருகிறவர்கள் என்ன காகிதம் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரியும். சேமலாப நிதிப் படிவம், பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்க 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வருவதற்கு முன்னால் அந்த ஒரு காகிதத்துக்காக மக்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காக ஓய்வூதிய வயதில் அலைந்தவர்களை இன்றும் பார்க்கிறேன். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பழைய பக்கத்தை யாரும் கிழிக்க மாட்டோம். எப்போது யார் கேட்டு வருவார் என்று சொல்ல முடியாது. அவசரப்பட்டு அழித்துவிடாதே.

மூன்றாம் தவணை, செவ்வாய் இரவு 7.15

ஐயா சொல்வது சரி. ஆனால் எனக்கு மறுபக்கமும் தோன்றுகிறது. ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் ஒரு கடைக் கணினியில், கடவுச்சொல் இல்லாமல் கிடக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் 9ஆம் இலக்கமாக நிறைவேறியது. அது கடைத்தெரு வரை வந்து கேட்கிறதோ இல்லையோ, அந்தக் கணினியை நாளை யாராவது தூக்கிக்கொண்டு போனால்?

பனிமூட்டம், செவ்வாய் இரவு 7.50

இரண்டு பேரும் சொல்வது உண்மை. இதில் கணினிக்குச் சொல்ல எதுவுமில்லை, அக்காதான் முடிவு செய்ய வேண்டும். என் யோசனை: ஒரு வெளி வன்தட்டு வாங்கி, 390 பக்கங்களையும் டவுன்லோட்ஸில் வாடிக்கையாளர் அனுப்பியவற்றையும் அதற்கு மாற்றுங்கள். மாற்றியதைத் திறந்து சரிபார்த்தபின் சி டிரைவில் இருப்பதை அழியுங்கள். அந்த வன்தட்டைக் கணினியில் செருகியபடியே வைக்காமல் பூட்டிய அலுமாரியில் வையுங்கள். விண்டோஸ் ப்ரோ என்றால் பிட்லாக்கர் போட்டுக் கடவுச்சொல் வைக்கலாம், ஹோம் என்றால் வெராகிரிப்ட் இருக்கிறது. பிறகு மெதுவாக உட்கார்ந்து பிரியுங்கள். ஒருவர் வேலை முடிந்து வாங்கிக்கொண்டு போன அடையாள அட்டைப் பிரதியை ஒரு மாதத்தில் அழித்துவிடலாம். பழைய, ஒரே ஒரு பிரதி உள்ள காகிதத்தை உரியவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பென் டிரைவில் இருப்பதை அழித்தால் அது மீள்சுழற்சித் தொட்டிக்கு வராது என்பதையும் மறக்க வேண்டாம்.

கொழுந்துக்கூடை, வெள்ளி காலை 8.50

முடிந்தது. 58 ஜிபி மீதம். கோடு நீலமாகிவிட்டது. அப்டேட் கிளீன் அப் மட்டும் ஒன்றே கால் மணி நேரம் ஓடியது. ஆறு மணிக்கே கடை திறந்து செய்தேன். ஸ்கேனரை 200க்கும் ஜேபெக்குக்கும் மாற்றிவிட்டேன். அக்காள் மகனுக்கு இனி அந்த மேசைப் பக்கம் வேலையில்லை.

ஊவாக்காரன், வெள்ளி காலை 9.30

இன்று வெள்ளிக்கிழமை. துடைப்பத்தை ஓட்டவில்லை. நீக்கிவிட்டேன். ஆனால் பிரவுசரைத் திறந்தால் தெரியாத ஒரு தேடுதளம் வந்து நிற்கிறது, அதுவும் அந்தக் கருவியோடு வந்ததாம். இதை நீக்க நல்ல கருவி ஏதும் இருக்கிறதா?

பனிமூட்டம், வெள்ளி காலை 9.34

கருவி வேண்டாம் அண்ணா. பிரவுசர் செட்டிங்ஸில் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, நீங்கள் போடாததை நீக்குங்கள். அதன்பின் தேடுபொறியையும் முகப்புப் பக்கத்தையும் மாற்றுங்கள்.

கொழுந்துக்கூடை, அடுத்த புதன் மாலை 4.20

ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். இன்று மேற்பிரிவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். போன மாதம் என்னிடம் ஸ்கேன் செய்த அவருடைய அப்பாவின் சான்றிதழ், லயத்துக் கூரை ஒழுகி நனைந்து ஒட்டிக்கொண்டதாம். பிரித்தால் கையோடு வருகிறது என்றார். அலுமாரியைத் திறந்து வன்தட்டைச் செருகினேன். பிஎம்பி, 99.5 எம்பி. திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனால், வெறும் கண்ணுக்கு மங்கலாக இருந்த முத்திரைக்குள் பதிவு எண் தெரிந்தது. கடைசி இலக்கம் 3ஆ 8ஆ என்று அவருக்கே பல வருடமாகச் சந்தேகமாம். 8.

இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

பனிமூட்டம், புதன் மாலை 4.45

அப்படியென்றால் பழைய காகிதத்துக்கு 600 வையுங்கள், மற்றதற்கு 200. பிஎம்பி மட்டும் வேண்டாம். பிஎன்ஜி என்று ஒன்று இருக்கும், ஒரு புள்ளியும் இழக்காமல் சுருக்கும். அக்காள் மகனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை, புதன் மாலை 4.52

பட்டியலில் நான்காவதாக இருக்கிறது. பார்த்துவிட்டேன். அவனிடம் நீங்களே சொல்லுங்கள், மறுபடி எதையாவது மாற்றிவிடுவான்.